மூக்கில் பள்ளம் விழாத கண்ணாடி

கேள்வி: எனக்கு வயது 58. மூக்குத் தண்டு சப்பை என்பதால் எந்த பிரேமும் நழுவிக் கன்னத்தில் உட்காருகிறது. சிரித்தால் மேலே தூக்குகிறது. முகத்தை ஸ்கேன் செய்து பிரேம் செய்கிறார்களாமே, பலன் உண்டா? - வாசகி, திருச்சி

பதில்: உண்டு, சகோதரி. முதலில் உங்கள் பழைய கண்ணாடியைக் கழற்றி, காதில் மாட்டும் கம்பியின் உள்பக்கம் பாருங்கள். 52, 18, 140 என்பதுபோல் மூன்று எண்கள் இருக்கும். லென்ஸின் அகலம், இரண்டு லென்ஸுக்கும் நடுவில் மூக்குக்கான இடைவெளி, கம்பியின் நீளம். எல்லாம் மில்லிமீட்டரில். கடை பிரேமின் அளவு பெரும்பாலும் இவ்வளவுதான். மூக்கு எந்தச் சரிவில் இறங்குகிறது, எந்தக் காது தாழ்வு என்பதற்கு இதில் எண் இல்லை. நழுவல் அங்கேதான் தொடங்குகிறது. 26 வருஷமாக முகங்களைப் பார்க்கிறேன். இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இருப்பவர்கள் அபூர்வம்.

போன வருஷம் தையல் வேலை செய்யும் ஓர் அம்மா வந்தார். நாள் முழுக்கக் குனிந்த தலை. கண்ணாடி விழாமலிருக்கக் கம்பியின் இரண்டு நுனியிலும் கறுப்பு நூலைச் சுற்றியிருந்தார். கழற்றச் சொன்னேன், மூக்கின் இருபுறமும் அவரை விதை அளவுக்குச் சிவந்த பள்ளம். ஸ்கேனில் பார்த்தால் வலது காது 4 மி.மீ. தாழ்வு. கம்ப்யூட்டரில் அவர் முகத்தின் மேலேயே பிரேமை வரைந்தோம். மூக்கில் படும் இடத்தைத் தடிமனாக்கி, சரிவுக்கு ஏற்றபடி சாய்த்து, வலது கம்பியைச் சற்றுக் கீழே இறக்கினோம். எடை இரண்டு புள்ளியில் குத்தாமல் பரவலாக உட்கார்ந்தது. அடுத்த மாதம் வந்தபோது நூலும் இல்லை, பள்ளமும் மங்கியிருந்தது. எனக்கு அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது.

அப்புறம், ஸ்கேன் என்றதும் பயப்பட வேண்டாம். 2017இல் வந்த ஐபோன் எக்ஸின் முன்கேமரா, கண்ணுக்குத் தெரியாத 30,000க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தில் வீசி மேடுபள்ளத்தை அளக்கும். அந்த வகைக் கேமராவே இதற்குப் போதும். அந்த அளவை வைத்து, நைலான் தூளை லேசரால் அடுக்கடுக்காக உருக்கி பிரேம் எழுப்புகிறார்கள். ஓர் அடுக்கு ஏறக்குறைய 0.1 மி.மீ.தான். கடை பிரேம்களில் பரவலாக இருக்கும் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கைவிட நைலான் எடை குறைவு.

உங்களுக்கு புரோக்ரஸிவ் லென்ஸ், அதாவது மேலே தூரப் பார்வைக்கும் கீழே படிக்கவும் பவர் படிப்படியாக மாறும் லென்ஸ் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பிரேம் 2 மி.மீ. இறங்கினால் படிக்கும் பகுதியும் கூடவே இறங்கிவிடும். அப்போது குறை பவரில் இல்லை, உட்காரும் இடத்தில்தான்.

செலவு யோசனை இருந்தால், மூக்கில் தனித்தனியாக சிலிக்கோன் பேடு வைத்த மெட்டல் பிரேமை முதலில் போட்டுப் பாருங்கள். பேடை வளைத்தே பாதி தொல்லையைத் தீர்க்கலாம்.

கேள்வி: இப்படிச் செய்த பிரேமைப் பிறகு சூடாக்கி வளைக்கலாமா? - வாசகர், மதுரை

பதில்: அசிடேட் சூட்டில் இளகும். நைலான் அந்த அளவுக்கு இணங்காது. காதுப்பக்க நுனியை மட்டுமாவது திருத்த முடியுமா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

கேள்வி: சாதாரண செல்ஃபியில் அளவெடுக்கலாமா? - வாசகர், சேலம்

பதில்: வெறும் படத்தில் முகம் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரியாது. அதனால்தான் சிலர் ஏடிஎம் கார்டை நெற்றியில் வைக்கச் சொல்கிறார்கள். அதன் நீளம் 85.6 மி.மீ. இரண்டு கண்மணிக்கும் உள்ள தூரத்தைச் சுமாராகக் கணிக்க அது உதவும். மூக்கின் சரிவு அதில் கிடைக்காது. அதற்குக் கடைக்கு நேரில் போய்விடுங்கள்.