முதல் தடவை எல்லோரும் வருவார்கள்

வணக்கம் சார்,

மனநல விழிப்புணர்வு பற்றி நீங்கள் போன மாதம் எழுதியதைப் படித்தேன். எங்களுக்கு விழிப்புணர்வு இருக்கிறது சார், பஸ்தான் இல்லை.

என் தம்பிக்கு 24 வயது. இரண்டு வருடம் முன்னால், யாரோ தன்னைப் பற்றியே பேசுவது காதில் கேட்கிறது என்றான். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. முனி அடித்திருக்கிறது என்று ஊரில் சொன்னதால் மந்திரித்தோம். பிறகு சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மாத்திரையில் நன்றாகத் தேறினான். கார்த்திகையில் காப்பிப் பழம் பறிக்க ஆரம்பித்ததும் அம்மாவால் கூடப் போக முடியவில்லை. "அதான் நல்லாயிட்டானே, ஒடம்பு வேற ஊதிப்போச்சு, எதுக்கு இன்னும் மாத்திரை"ன்னு பெரியம்மா சொன்னாங்க. நிறுத்திவிட்டோம். மாசியில் திரும்பவும் வந்துவிட்டது. இப்போது மறுபடியும் மாத்திரை சாப்பிடுகிறான்.

இந்தத் தடவையாவது விடாமல் மாதாமாதம் யார் கூட்டிப்போவது? கோயிலுக்குப் போவதை விட்டுவிடச் சொல்கிறீர்களா? எனக்கு வரன் பார்க்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டில் தம்பியைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி,
சேர்வராயன் மலை

அன்புள்ள சகோதரிக்கு,

பஸ் என்ற ஒரே வார்த்தையில் என் கட்டுரையைக் கவிழ்த்துவிட்டீர்கள். "தயங்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்" என்று அதை முடித்திருந்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு டவுன் பஸ்ஸில் போய்விடுகிற ஆள் எழுதிய வரி அது. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, வரிசையில் நின்று, இருட்டுவதற்குள் மறுபடி மேலே ஏறவேண்டிய ஆளிடம் தயக்கம் பற்றிப் பேச எனக்கு என்ன இருக்கிறது?

இத்தனைக்கும் இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. என் சித்தப்பா அம்மாபேட்டையில் தறி நெய்தவர். அவருக்கும் உங்கள் தம்பிக்கு வந்ததுதான். முதல் தடவை வாடகைக் காரில் ஆறு பேர் நெருக்கிக்கொண்டு போனோம். பாட்டி "நரம்பு டாக்டர்" என்றுதான் சொல்வாள். 1871இல் மனநல மருத்துவமனை வந்த பாவத்துக்கு வசைச்சொல்லாகிவிட்ட கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயர் எங்கள் வீட்டில் யார் வாயிலும் வராது. இரண்டாம் தடவை சித்தியும் நானும் போனோம். நான்காம் தடவை சித்தி மட்டும். ஆறாம் தடவை அவரே தனியாகக் கிளம்பினார், பாதி வழியில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பிவிட்டார். அது நோய் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தறி நின்றால் கூலியும் நிற்கும் என்பதும் தெரியும். இரண்டாவதுதான் ஜெயித்தது. உங்கள் வீட்டுக் கார்த்திகையும் எங்கள் வீட்டுத் தறியும் ஒன்றுதான் என்பது உங்கள் கடிதம் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆகவே அந்தப் பயணத்தை எப்படிக் குறைப்பது என்று பார்ப்போம்.

அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். மலையில் இருக்கிறோம், பறிப்புக் காலத்தில் வர முடியாது என்று சொல்லி, இரண்டு மாத மாத்திரையைச் சேர்த்துத் தர முடியுமா என்று கேட்கலாம். இந்த நோய்க்கு இரண்டு வாரத்துக்கோ நான்கு வாரத்துக்கோ ஒரு தடவை போடுகிற ஊசி உண்டு. அது உங்கள் தம்பிக்குச் சரிவருமா என்று கேளுங்கள். அது எல்லோருக்கும் ஒத்துவராது, ஒத்துவந்தால் தினமும் "மாத்திரை போட்டியா?" என்று வீட்டில் நடக்கும் சண்டையும் மிச்சம். மூன்றாவது, சேலத்தில் எழுதிக்கொடுப்பதை ஏற்காட்டு அரசு மருத்துவமனையிலேயே வாங்கிக்கொள்ள வழி உண்டா என்பது. இது சலுகை கேட்பதல்ல. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றைச் சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எந்நேரமும் இலவசமாகத் தரவேண்டும் என்கிறது. சட்டத்தில் இருப்பதெல்லாம் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு வந்துவிடாதுதான். ஆனாலும் நான்கு குடும்பம் சேர்ந்து எழுதிக் கேட்டால் வாங்கி அடுக்கத்தான் வேண்டும்.

பெரியம்மா சொன்ன உடம்பு ஊதுவது கற்பனையல்ல. சில மாத்திரைகள் எடையைக் கூட்டும், சர்க்கரையையும் ஏற்றும். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார் அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார். தானாக நிறுத்துவதில்தான் ஆபத்து. முதல் தடவை வந்தவர்களையே, குணம் தெரிந்த பிறகும் ஒன்றிரண்டு வருடமாவது தொடரச் சொல்வார்கள். ஒரு தடவை நிறுத்தித் திரும்ப வந்தவருக்கு இன்னும் கூடுதல் காலம் ஆகும். இதை யாரும் உங்கள் அம்மாவுக்கு உட்காரவைத்துச் சொல்லவில்லை. அந்தக் குறை அம்மாவுடையதல்ல.

கோயிலுக்குத் தாராளமாகப் போங்கள். தமிழ்நாட்டில் ஒரு கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் மருத்துவர்கள் கவனித்து 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். மருந்து இல்லை. வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருந்தார், கோயில் வேலைகளில் நோயாளிகளும் கைகொடுத்தார்கள், யாரும் துரத்தவில்லை. சராசரியாக ஆறு வாரத்தில் நோயின் கடுமை ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சின்ன ஆய்வு அது. என்னைக் கேட்டால், பாதி மருந்து அந்தக் கூட இருந்த ஆள்தான். அதற்கு முந்தைய வருடம், 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி தர்கா பக்கத்தில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தின் கூரை தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். அவர்களும் நேர்ந்துகொண்டு அழைத்துவரப்பட்டவர்கள்தான். சேர்வராயன் குகையில் தம்பியை உங்கள் பக்கத்தில் நிறுத்திக் கும்பிடுங்கள், மாத்திரை டப்பா பையில் இருக்கட்டும். கட்டிப்போடவும் அடித்து விரட்டவும் கிளம்புகிற ஆள் இருக்கிற இடத்துக்கு மட்டும் கூட்டிப்போகாதீர்கள்.

ராத்திரியில் நிலைமை கைமீறினால் 14416. டெலிமனாஸ் என்கிற அரசு மனநல உதவி எண், கட்டணமில்லை, தமிழில் பேசுவார்கள். மலையில் சிக்னல் கிடைக்கிற பாறை எது என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

வரன் விஷயம். சொல்லிவிடுங்கள் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் சொன்ன பிறகு அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கப் போவது நானில்லையே. எங்கள் அத்தை கல்யாணத்தில் சித்தப்பாவை "வெளியூர் போயிருக்கிறார்" என்று சொல்லி மாடியில் வைத்திருந்தார்கள். தாலி கட்டும்போது மேளச்சத்தம் கேட்டு அவரே இறங்கி வந்தார், புதுவேட்டி கட்டிக்கொண்டு. மாப்பிள்ளை வீட்டார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு நினைவில்லை. அவர் அட்சதை போட்டதுதான் நினைவிருக்கிறது.

அன்புடன்.