இளம் கத்தோலிக்கர்கள் ஞாயிறு பூசைக்கு வந்து போவதைத் தாண்டி, பங்கில் விசுவாசத்தை எப்படி வாழலாம்?

உங்கள் கேள்வியின் விளக்கத்தை இரண்டு தடவை வாசித்தேன். வயது இருபத்தொன்று. வேலைக்காக மட்டக்களப்புக்கு வந்து ஆறு மாதம். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறீர்கள், முடிந்ததும் யாரோடும் பேசாமல் அறைக்குத் திரும்பிவிடுகிறீர்கள். இளைஞர் ஒன்றியத்தில் சேரச் சொல்லிக் கேட்கிறார்கள், ஆனால் அங்கே கதிரை தூக்குவதும் சோடனை கட்டுவதும்தான் வேலை என்று யாரோ சொன்னதால் யோசிக்கிறீர்கள். விசுவாசத்தை வாழ்வது என்றால் இவ்வளவுதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கதிரை தூக்க வேண்டித்தான் வரும். ஆனால் நான் பங்குக்குள், அதாவது இந்தக் கோயிலைச் சேர்ந்த சமூகத்துக்குள், வந்த வழி வேறு. அதைச் சொல்கிறேன், உங்களுக்குத் தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் இங்கேதான் பிறந்து, ஞானஸ்நானம் பெற்று, முதல் நன்மை, உறுதிப்பூசுதல் எல்லாம் எடுத்தவள். உயர்தரம் தொடங்கியதும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு இரசாயனவியல் ரியூசன் வந்தது. முதலில் மாலைப் பூசைக்குப் போனேன். பிறகு மாலையிலும் ஒரு வகுப்பு வந்தது. வகுப்பு ஒரு சாட்டுத்தான் என்று இப்போது தெரிகிறது. உண்மையில் நான் போகாததை யாரும் கவனிக்கவில்லை, எனக்கும் அது வசதியாக இருந்தது. அப்படியே கோயில் எனக்கு நத்தாருக்கும் பெரிய வெள்ளிக்கும் உரிய இடமாகச் சுருங்கிவிட்டது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. முந்திய இரவே பாஸ்கா திருவிழிப்புக்குப் போய் வந்ததால் காலையில் வீட்டில் இருந்தோம். ஒன்பது மணிக்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்டது. சீயோன் தேவாலயத்தில் குண்டு. ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியில் நின்ற பிள்ளைகள் பலர் அதில் போய்விட்டார்கள். அது எங்கள் சபை இல்லை, ஆனால் இந்தச் சின்ன ஊரில் அந்தப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள் எங்கள் பங்கிலும் இருந்தார்கள். அதன் பிறகு சில வாரங்கள் நாடு முழுவதும் ஞாயிறு பூசை இல்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை நிறைவேற்றிய திருப்பலியைத் தொலைக்காட்சிக்கு முன்னால் முழந்தாளிட்டுப் பார்த்தோம். அதுவரை எத்தனையோ ஞாயிறு நானாகவே போகாமல் இருந்தவள், போக முடியாது என்று ஆனபோது அழுதேன்.

கோயில் திறக்கும் நாள் வந்தபோது வாசலில் பைகளைச் சோதிக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். இராணுவம் வெளியில் நிற்கும், ஆனால் வருகிறவர் பங்கைச் சேர்ந்தவரா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பெண்களின் கைப்பைகளைப் பார்க்கப் பெண்பிள்ளைகள் வேண்டும் என்று ஃபாதர் கேட்டார். அம்மா விடவில்லை. 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில், புளியந்தீவு மரியாள் பேராலயத்துக்குள்ளேயே நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் ஐயாவைச் சுட்டார்கள் என்பதை அம்மாவின் தலைமுறை மறக்கவில்லை. “கோயிலுக்குள்ள இருந்தவரையே விடல்ல, நீ வாசல்ல நிக்கப் போறியா?” என்றார். கடைசியில் அப்பாதான் சரி என்றார்.

அந்த வாசலில் ஏழெட்டு மாதம் நின்றேன். பூசைக்கு முக்கால் மணி நேரம் முன்பே போய்விட வேண்டும். பையைத் திறக்கச் சொல்லக் கூச்சமாக இருக்கும். எனக்கு மறைக்கல்வி படிப்பித்த ரீச்சரின் பையையே திறந்து பார்க்க வேண்டியிருந்தது. என்னோடு நின்ற பெடியன்களில் இரண்டு பேர், நான் அறிய, அதற்கு முன் பூசைக்கு உள்ளே வந்து இருந்ததே இல்லை. மதிலுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்று கதைத்துவிட்டுப் போகிறவர்கள். வாசலில் ஆள் வேண்டும் என்றதும் முதல் ஆளாக வந்தார்கள்.

ஒரு நாள் ஓர் அம்மம்மாவின் பையைத் திறந்தேன். செபமாலை, ஒரு சின்னத் துவாய், வெற்றிலைச் சரை, பிறகு லமினேட் செய்த ஒரு படம். இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பையன். நான் பார்ப்பதைக் கண்டு அவரே சொன்னார்: “என்ட மகன். தொண்ணூறில போனவன், இன்னும் வரல்ல. இவனையும் பூசைக்குக் கூட்டிக்கொண்டுதான் புள்ள வாறன்.”

சின்ன வயதிலிருந்து நான் அவருக்கு மூன்று வாங்கு பின்னால் இருந்திருக்கிறேன். சமாதானம் சொல்லும் நேரத்தில் அவரைப் பார்த்துக் கைகூப்பியிருக்கிறேன். அவருக்கு ஒரு மகன் இருந்ததும், அவன் இல்லாமற்போனதும், ஒவ்வொரு பூசையிலும் அவன் அந்தப் பைக்குள் இருந்ததும் எனக்குத் தெரியாது. அன்றைக்கு உள்ளே போய், மன்றாட்டுகளின்போது ‘எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்று சொன்னபோது, எனக்கு முதன்முதலாக அந்த ‘எங்கள்’ என்ற சொல் விளங்கியது. விசுவாசம் என்பது எனக்கும் கடவுளுக்கும் இடையில் என்று மட்டும் நினைத்திருந்தவள் நான். அது பொய்யில்லை, ஆனால் அதில் பாதிதான் இருக்கிறது. மற்றப் பாதியை நான் அந்த வாசலில்தான் கண்டேன்.

அந்த மாதங்களில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒன்றியக் கூட்டத்தில், இனிப் பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியின் கடைகளுக்குப் போகக்கூடாது என்று ஒரு பேச்சு எழுந்தது. பலர் தலையாட்டினோம், நானும்தான். எங்களில் மூத்த ஓர் அண்ணா எழுந்து, “வாசல்ல ஆக்களச் சந்தேகப்பட்டுப் பையத் திறக்கிறம். அந்தச் சந்தேகம் வாசலோட நிக்கட்டும், வீட்டுக்குக் கொண்டுபோக வேணாம்” என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தீர்மானம் எடுக்காமலே கூட்டம் முடிந்தது. அடுத்த வாரம் அவர் வழக்கமாகப் போகும் கடைக்கே போய்த் துணி எடுத்து வந்தார். அன்று நான் கேட்ட மறையுரை அதுதான் என்றே நினைக்கிறேன்.

சரி, இப்போது வாசலில் சோதனை இல்லை. அப்புறம் என்ன செய்கிறோம்?

வியாழன் மாலை ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். முதலில் அரை மணி நேரம் நற்கருணைக்கு முன்னால் பேசாமல் இருப்போம். தொடக்கத்தில் அது மிகக் கடினமாக இருந்தது, கைத்தொலைபேசியை வெளியே ஒரு கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனோம். பிறகு வருகிற ஞாயிறு நற்செய்தியை ஒருவர் வாசிப்பார். அதன் பிறகு நோயாளர் பட்டியலை எடுப்போம். நற்கருணைப் பணியாளர் வீடுகளுக்குப் போகும்போது எங்களில் இரண்டு பேர் கூடப் போவோம். அவர் நற்கருணை கொடுப்பார். நாங்கள் பாடுவோம், முடிந்தபின் கொஞ்ச நேரம் இருந்து கதைப்போம், மருந்துத் துண்டைப் பார்த்து எது காலை எது இரவு என்று டப்பாவில் எழுதி ஒட்டுவோம். பிள்ளைகள் கனடாவிலும் கட்டாரிலும் இருக்க, தனியே இருக்கிற வயதானவர்கள் எங்கள் பங்கில் நிறையப் பேர். அந்த அம்மம்மாவின் வீட்டுக்கும் போகிறோம், இப்போது அவரால் கோயிலுக்கு நடக்க முடியாது. அந்தப் படம் கட்டில் தலைமாட்டில் இருக்கிறது.

எங்கள் பெடியன்களுக்கு கார்லோ அகுதிஸைப் பிடிக்கும். ஜீன்ஸும் சப்பாத்தும் போட்ட புனிதர், பதினைந்து வயதில் இறந்தவர், கணினி தெரிந்தவர். எனக்கு அவரோடு அதே நாளில், 2025 செப்டம்பர் 7 அன்று, பாப்பரசர் பதினான்காம் லியோ புனிதராக அறிவித்த பியர் ஜோர்ஜியோ ஃப்ராசாத்திதான் இன்னும் நெருக்கமாகத் தெரிகிறார். தூரின் நகரத்தில் பெரிய இடத்துப் பிள்ளை, மலையேறப் பிடித்தவர், வின்சென்ட் டி போல் சபையில் சேர்ந்து ஏழைகளின் வீடு வீடாகப் போனவர். 1925இல், இருபத்து நான்கு வயதில், போலியோவில் இறந்தார். இறுதி ஊர்வலத்துக்கு நகரத்து ஏழைகள் திரண்டு வந்தபோதுதான் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று வீட்டாருக்கே முழுதாகத் தெரிந்தது. இதை நான் மறைக்கல்வி வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, “அம்மா அப்பாட்ட சொல்லாம எப்படி ரீச்சர் போனவர்?” என்பதுதான்.

இந்த மாவட்டத்தில் நாங்கள் எவ்வளவு சிறு தொகையினர் என்பதையும் நீங்கள் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் கத்தோலிக்கர் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. அதே 2012இல்தான் திருகோணமலையிலிருந்து பிரிந்து மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானது. ஆகவே இங்கே விசுவாசத்தை வாழ்வது என்றால் எப்போதும் அயலவரோடு சேர்ந்துதான். குருத்து ஞாயிறுக்கு முந்திய இரவு நாங்கள் தென்னங்குருத்தில் சிலுவை மடிக்க இருந்தோம். பக்கத்து ஒழுங்கையில் அம்மன் கோயில் சடங்குக்குத் தோரணம் கட்டுகிற அண்ணா ஒருவர் வந்து பார்த்தார். எங்கள் கைவேலை அவருக்குத் தாங்கவில்லை. இருந்து, ஓலையை எப்படிக் கீறினால் வாடாது, எந்தப் பக்கம் மடித்தால் பிரியாது என்று இரவு பதினொரு மணி வரை காட்டித் தந்தார். அந்த வருடம் பீடத்துக்கு முன்னால் நின்ற தோரணம் அவர் கட்டியதுதான்.

குறையும் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. பங்கு விடயங்களைக் கலந்து பேசும் மேய்ப்புப்பணிச் சபையில் இளைஞர் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்று ஒரு முறை கேட்டோம். பெரியவர் ஒருவர், “உங்களுக்குத்தான் கரோல் இருக்கே” என்றார். டிசம்பர் மழையில் கிற்றாரைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பாடி, சேர்ந்த காசில் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கிக் கொடுத்தவர்களைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. எனக்கு அது இன்னும் வலிக்கிறது. இரண்டு பேர் அதோடு வருவதை நிறுத்திவிட்டார்கள். நான் அடுத்த வருடமும் கேட்டேன், ஒரு இடம் கிடைத்தது. எங்கள் கையை மட்டும் கேட்டு, கருத்தைக் கேட்காத பங்கில் இளைஞர் நிற்க மாட்டார்கள். நீங்கள் கேள்விப்பட்ட ‘கதிரை தூக்கும்’ கதைக்குப் பின்னால் இருப்பதும் இதுதான்.

இதை வேறு விதமாகச் செய்தவர்களும் எங்கள் ஊரில் இருந்திருக்கிறார்கள். மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்க இயேசு சபைக் குரு ஹேபியர் ஃபாதரைப் பற்றி என் பெரியப்பா இன்னும் பேசுவார். 1990 ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள் அன்று, வாழைச்சேனைப் பக்கமிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார். அவரோடு வந்த தமிழ் இளைஞனும் சேர்ந்தே காணாமற்போனான். பெரியப்பா ஃபாதரின் செபப் புத்தகத்தைப் பற்றியோ மறையுரையைப் பற்றியோ சொல்வதில்லை. பந்தைக் கையில் தந்துவிட்டு, அடுத்து என்ன செய்யலாம் என்று பெடியன்களிடமே கேட்பாராம். அதைத்தான் முப்பத்தைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒன்றியத்தில் சேருவதா இல்லையா என்பதைப் பிறகு பாருங்கள். இந்த ஞாயிறு பூசைக்குக் கால் மணி நேரம் முன்னால் போய், வாசலில் நில்லுங்கள். கைத்தடியோடு வருகிறவருக்குப் படியில் கை கொடுங்கள், பெயரைக் கேளுங்கள். அடுத்த ஞாயிறு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பூசை முடிந்ததும், ஃபாதர் பூசை உடுப்பு மாற்றும் அறையான சக்கிறிஸ்திக்குப் போய், நோயாளர் வீடுகளுக்குப் போகிறவர் யார் என்று விசாரித்து, “நானும் வரலாமா?” என்று கேளுங்கள். கூட வருகிறேன் என்கிற ஒருவரை, அதுவும் மோட்டார் சைக்கிள் இருந்தால், வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ப் பல நாள் ஆகியிருந்தால் அதையும் தள்ளிப்போடாதீர்கள், எனக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

செப்டம்பரில் ஆயித்தியமலை சதா சகாய மாதா திருவிழாவுக்கு நடந்து போகிறோம். விடியற்காலை நாலு மணிக்கு வலையிறவுப் பாலத்தடியில் எங்கள் ஆட்கள் சேருவார்கள், செபமாலை சொல்லிக்கொண்டு வவுணதீவுப் பாதையால் போவோம். ஒன்பது மணிக்கு மேல் வெயில் சுடும், தொப்பியும் இரண்டு போத்தல் தண்ணீரும் கொண்டுவாருங்கள். புதுச் சப்பாத்துப் போட வேண்டாம், பழகினதையே போடுங்கள்.