இரண்டு கோடு போட்டால் மட்டும் போதுமா?

கேள்வி: காப்பீட்டு பிரீமியத்துக்காக 42,000 ரூபாய்க்கு செக்கில் கையெழுத்துப் போட்டு, இடது மூலையில் இரண்டு கோடும் போட்டு ஏஜென்டிடம் கொடுத்தேன். "கம்பெனி பெயரை நாங்களே சீல் வைத்துக்கொள்கிறோம்" என்றதால் பெயர் எழுதவில்லை. கோடு போட்ட செக்கை வேறு யாரும் பணமாக்க முடியாது என்கிறார்கள். பயமில்லாமல் இருக்கலாமா? (வாசகி, கரூர்)

பதில்: இருக்க முடியாதம்மா. அந்த செக் இப்போது எங்கே இருக்கிறது என்று இன்றே விசாரியுங்கள். கம்பெனியின் ரசீது இன்னும் வரவில்லை என்றால் அந்த செக்குக்குப் பணம் தர வேண்டாம் என்று உங்கள் வங்கியில் 'ஸ்டாப் பேமென்ட்' கொடுத்துவிடுங்கள். அதற்கு 6 இலக்க செக் எண் வேண்டும். குறித்து வைக்காவிட்டால், புத்தகத்தில் அடுத்து இருக்கும் தாளின் எண்ணில் ஒன்றைக் கழித்தால் கிடைத்துவிடும்.

இரண்டு கோடு செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான்: கவுன்டரில் ரொக்கமாகத் தரக் கூடாது, ஏதாவது ஒரு வங்கிக் கணக்கு வழியாகத்தான் பணம் போக வேண்டும். யாருடைய கணக்கு என்று கோடு சொல்லாது. பெயர் இடத்தில் ஒன்றும் இல்லாவிட்டால், தன் பெயரை எழுதிக்கொள்பவனே பணத்துக்கு உரியவன் ஆகிவிடுகிறான். பெயர் எழுதியிருந்தாலும், வரியின் கடைசியில் அச்சாகியிருக்கும் 'ஆர் பேரர்' என்ற சொற்களை அடிக்காமல் விட்டால், கையில் வைத்திருப்பவர் தம் கணக்கில் போட்டுக்கொள்ளச் சட்டப்படி வழி திறந்தே இருக்கிறது.

அந்த வழியை அடைப்பது, கோடுகளுக்கு நடுவே எழுதும் 'அக்கவுன்ட் பேயீ ஒன்லி'. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் இந்தச் சொற்கள் கிடையாது. ஆனால் செக்கில் பெயர் உள்ளவரைத் தவிர வேறு யார் கணக்கிலும் வரவு வைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கண்டிப்பாக உத்தரவிட்டிருக்கிறது. மீறிய வங்கி கவனக்குறைவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் மட்டும் கணக்கு வைத்திருக்கும் உறுப்பினர் தம் பெயருக்கு வந்த அக்கவுன்ட் பேயீ செக்கை எங்கே போடுவார்? அதனால் 50,000 ரூபாய் வரையிலான செக்கை, சங்கம் வங்கியில் வைத்திருக்கும் கணக்கின் வழியாக வசூலிக்கலாம். ஆனால் செக்கில் உள்ள பெயர் அந்தச் சங்கத்தின் உறுப்பினர் பெயராக இருக்க வேண்டும். வங்கியில் பணம் வந்த பிறகுதான் சங்கம் அவர் கணக்கில் வரவு வைக்கும் என்று எழுத்து மூலம் உறுதி தர வேண்டும். சங்கத்துக்குத்தான் இந்தச் சலுகை, தனி ஆளுக்கு இல்லை. "என் கணக்கில் போட்டு எடுத்துத் தருகிறேன்" என்று வரும் ஏஜென்டுக்கும் கடைக்காரருக்கும் இதில் இடமே கிடையாது.

அக்கவுன்ட் பேயீ என்று எழுதிவிட்டாலும், பெயரையே மாற்றினால் கோடு காப்பாற்றாது. இப்போது கிளியரிங்கில், அதாவது வங்கிக்கு வங்கி செக்கை வசூலிக்கும்போது, போவது செக்கின் படம்தான், தாள் உங்கள் கிளைக்கு வருவதில்லை. மையைச் சுரண்டிய தடம் விரலுக்குத் தெரியும், படத்தில் தெரியாமல் போகலாம். ஆகவே ஏஜென்ட் நீட்டும் பேனாவைத் தொடாதீர்கள். அழியும் மை நிரப்பிய பேனாவால் அவர் விவரங்களை எழுதுவார், கையெழுத்தை மட்டும் உங்கள் பேனாவால் போடச் சொல்வார். பிறகு எழுத்து மறையும், கையெழுத்து நிற்கும். கடன் வாங்கித் தருகிறேன் என்பவர்கள் 'கேன்சல்டு' செக் கேட்டு நடத்துவதும் இதே வித்தைதான். கேன்சல்டு செக்குக்குக் கையெழுத்தே தேவையில்லை. உங்கள் பேனாவால் குறுக்கே பெரிதாக 'கேன்சல்டு' என்று எழுதிக் கொடுத்தால் போதும். பெயர் இடத்தில் 'யுவர்செல்ஃப்' (அதாவது உங்கள் வங்கிக்கே) என்று எழுதிய செக்கையும் இடைத்தரகரிடம் தராதீர்கள், அதை எதற்கு வேண்டுமானாலும் திருப்பிவிட முடியும்.

பெரிய தொகைக்கு செக் விவரத்தை முன்கூட்டியே வங்கிக்குத் தெரிவிக்கும் 'பாசிட்டிவ் பே' 2021 ஜனவரி 1 முதல் இருக்கிறது. ஆனால் அதுவும் 50,000 ரூபாயிலிருந்துதான். 42,000 ரூபாயைப் பறிகொடுப்பவரின் வயிறு எரியாதா? கவுன்டரில் கேட்டால் "கோடு போட்டிருக்கீங்கல்ல, போதும்" என்று அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு நிமிடம் ஒதுக்கி விளக்கினால் எத்தனை குடும்பங்கள் தப்பிக்கும்!

புதிய செக்கில் கம்பெனியின் முழுப் பெயரையும், அதை ஒட்டியே பாலிசி எண்ணையும் எழுதுங்கள். மீதி இடத்தைக் கோடிட்டு நிரப்புங்கள். ரூபாயை எழுத்தில் எழுதும்போது வரியின் இடது ஓரத்திலிருந்தே தொடங்கி, கடைசியில் 'மட்டும்' சேர்த்துவிடுங்கள். தமிழிலேயே எழுதலாம், வங்கி மறுக்கக் கூடாது. 'ஆர் பேரர்' என்பதை அடியுங்கள். தொகையிலோ பெயரிலோ பிழை வந்தால் திருத்திக் கையெழுத்துப் போடாதீர்கள், திரும்பி வந்துவிடும். வேறு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். செக்கைக் கம்பெனி அலுவலகத்தில் நேரில் கொடுத்து, ரசீதைக் கையில் வாங்கிய பிறகு கிளம்புங்கள்.