செங்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர்க் குளத்தைச் சீரமைக்க இளைஞர் குழுவுக்கு நிதி கிடைக்குமா?

கிடைக்கும், ஆனா பணத்தைத் தேடுறதுக்கு முன்னாடி குளம் யார் கையில் இருக்குன்னு பாருங்க. ஆயக்கட்டு, அதாவது குளத்துத் தண்ணி பாயுற நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே என்றால் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியம். அவங்க அனுமதி கையில் இல்லாமல் எந்த நிதிக்கு எழுதினாலும் நிற்காது.

அப்புறம், உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு மானியத் திட்டம் 1992 முதல் நடக்கிறது. தனிநபருக்குத் தராது, பதிவு செய்த அமைப்பு வேணும், உங்கள் பங்கும் கேட்பாங்க. அந்தப் பங்கு முழுக்கப் பணமாக இருக்கணும்னு இல்லை, உழைப்பும் பொருளும் கணக்கில் சேரும். அதனால இன்னைக்கே ஒரு நோட்டுப் போட்டு, மடையில் மண் அள்ள யார் வந்தாங்க, யாருடைய டிராக்டர் எத்தனை நடை அடிச்சுது, கலிங்கு (மிகுதித் தண்ணி வழியுற இடம்) எங்கே உடைஞ்சிருக்குன்னு தேதியோட, படத்தோட எழுதி வைங்க. விண்ணப்பத்துக்கு உயிரே அதுதான்!

பள்ளியில் தேசிய பசுமைப் படை இருந்தால் பிள்ளைகளையும் சேருங்க. குளத்துப் பறவை, மீன், கரையோரச் செடியெல்லாம் அவங்க பட்டியல் எடுக்கட்டும். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும், பட்டியலை அவங்க பதிவேட்டில் ஏத்தச் சொல்லுங்க.