கல்லுன்னா ஷேடோ விழணும்னு கட்டாயமா?

"வலது கிட்னில 4 மிமீ எக்கோஜெனிக் ஃபோகஸ், ஷேடோ இல்ல, ட்விங்க்ளிங் இருக்கு"ன்னு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ரிப்போர்ட் (எக்கோஜெனிக் ஃபோகஸ்னா ஸ்கேன்ல வெள்ளையாத் தெரியுற புள்ளி, கல்லா இருக்கலாம்), ஆனா ரெண்டு மாசம் முன்னாடி வேற சென்டர்ல நார்மல்னாங்க, எதை நம்புறதுன்னு கேட்டிருந்தீங்க. யூரின் பைல முன்சுவர் ஓரமா "எக்கோஸ்"னு இருக்கிற வரிக்கும் பயந்திருக்கீங்க.

ரெண்டு ரிப்போர்ட்டுமே பொய்யா இருக்கணும்னு இல்ல. ஸ்கேன் மெஷின் அனுப்புற சத்தத்தைக் கல்லு தடுக்கும், அதான் பின்னாடி கருப்பு நிழல். ஆனா சின்னக் கல்லைவிட சத்தக் கற்றை அகலமா இருந்தா ரெண்டு பக்கமும் வழிஞ்சுபோயி நிழலை நிரப்பிடும், 5 மிமீக்குக் கீழ இது சகஜம். கிட்னி நடுவுல இருக்கிற கொழுப்பும் வெள்ளையாத்தான் தெரியும், அதுக்குள்ள இந்தக் கல்லைத் தேடுறது உப்புக்குள்ள கல்கண்டு தேடுற மாதிரி. இன்னொண்ணு, பல கோணத்துல எடுத்துச் சேர்த்துக் காட்டுற காம்பவுண்ட் மோடு படத்தை அழகாக்கும், ஆனா நிழலை மங்கடிச்சிடும், கல்லுன்னு சந்தேகம் வந்தா நான் முதல்ல அதைத்தான் ஆஃப் பண்ணுவேன், சத்தக் கற்றை ஒடுங்குற இடத்தையும் (இதுவும் ஃபோகஸ்தான்) அந்த ஆழத்துக்குக் கொண்டு வருவேன்.

ட்விங்க்ளிங்னா, ரத்த ஓட்டத்தைக் கலர்ல காட்டுற கலர் டாப்ளர் போட்டதும் ரத்தமே ஓடாத இடத்துல செவப்பும் நீலமுமா மினுக்கும், கல்லோட சொரசொரப்பும் அதுல ஒட்டியிருக்கிற நுண்குமிழியும் காரணம்னு சொல்றாங்க. 1996ல இருந்தே தெரிஞ்ச விஷயம். ரத்தக்குழாயான்னு சந்தேகம் வந்தா கலர் ஸ்கேலை, அதாவது கலர்ல காட்டுற வேக வரம்பை, ஏத்திப் பாப்போம், மெதுவான ரத்த ஓட்டம் மறைஞ்சிடும், இது மினுக்கிட்டே இருக்கும். ஆனா ரத்தக்குழாய்ச் சுவர்ல படிஞ்ச கால்சியமும் மினுக்கும், அதனால மினுக்கத்தை மட்டும் வெச்சு கல்லுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். அந்த 4 மிமீயையும் அப்படியே எடுத்துக்காதீங்க, அல்ட்ராசவுண்ட்ல சின்னக் கல்லு நிஜ அளவைவிடப் பெருசாத்தான் தெரியும்.

யூரின் பை விஷயம் பெரும்பாலும் எதிரொலி, புரோபுக்கும் (வயித்து மேல வெச்சு நகர்த்துற கருவி) வயித்துச் சுவருக்கும் நடுவுல சத்தம் திரும்பத் திரும்ப அடிச்சு வர்ற கோடு. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சா நிஜ மண்டியோ ரத்தக்கட்டியோ உருளும், இது முன்சுவரை விட்டு நகராது. ஒட்டிக்கிட்டு நகராத சதை வளர்ச்சியும் உண்டு, அதனால புரோபைச் சாய்ச்சும் ஒருதடவை பாக்கணும்.

வலி இல்ல, கிட்னி வீங்கலன்னா இப்போதைக்கு சிடி வேணாம்னுதான் எனக்குத் தோணுது, தண்ணி குடிங்க, டாக்டர் சொல்ற இடைவெளில மறுபடி பாத்துக்கலாம். வலி வந்தா காண்ட்ராஸ்ட் மருந்து ஏத்தாத சிடி தெளிவாச் சொல்லிடும், வலியோட காய்ச்சலும் சேர்ந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரி போயிடுங்க. அடுத்த ஸ்கேனுக்கு யூரின் முட்ட இருக்கும்போது போங்க, பழைய ஃபிலிம் ரெண்டையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க.