ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றலாமா?

அவசரத்துக்கு ஒருமுறை ஊற்றினால் இன்ஜின் கெட்டுவிடாது. ஆனால் அதையே பழக்கமாக்க வேண்டாம்.

குழாய்த் தண்ணீர் கடின நீராக இருந்தால், அதில் கால்சியம், மெக்னீசியம் பைகார்பனேட்டுகள் கரைந்திருக்கும். சூடேறும்போது அவை கார்பனேட்டாக மாறிப் படிந்துவிடும். அதுவும் சிலிண்டர் ஹெட் மாதிரி மிகச் சூடான இடத்தில்தான் முதலில் படியும். கெட்டில் அடியில் பார்ப்போமே, அதே வெள்ளைப் படிவுதான். வெப்பம் அதைத் தாண்டி எளிதில் கூலன்ட்டுக்கு, அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்துக்கு, போகாது. தண்ணீரில் உள்ள குளோரைடு வேறு அலுமினியத்தில் சின்னச் சின்னக் குழிகளாக அரிக்கும்.

சரி, வெறும் டிஸ்டில்டு வாட்டர் போதுமா? போதாது. படிவு வராது, ஆனால் துருவைத் தடுக்கும் ரசாயனம் அதில் இல்லை. கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலப்பதே பொதுவான அளவு. ரெடிமிக்ஸ் (ஏற்கெனவே தண்ணீர் கலந்து வரும் கூலன்ட்) என்றால் தண்ணீரே சேர்க்க வேண்டாம்.

நிறத்தை வைத்துக் கூலன்ட் வாங்காதீர்கள். நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. வண்டியின் கையேட்டில் சொன்ன வகையைப் பாருங்கள். வகை மாற்றிக் கலந்தால் பாதுகாப்பு குறையும், சில சமயம் கூழாகவும் ஆகிவிடும்.

தடுப்பு ரசாயனங்கள் நாளாக ஆகத் தீர்ந்துபோகும். அதனால் அளவு குறையாவிட்டாலும் கையேட்டில் சொன்ன காலத்தில் மாற்றியாக வேண்டும். அடிக்கடி குறைந்தால் கசிவு இருக்கிறது. ஊற்றிக்கொண்டே இருக்காமல் அதைச் சரிசெய்யுங்கள். அப்புறம், இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.