வீடு ஒன்று, வரி ரசீது இரண்டு ஏன்?

சென்னை பெருங்குடியில் பழைய வீடொன்றை வாங்கியிருக்கும் வாசகர் கேட்கிறார்: "சொத்து வரியை மாநகராட்சிக்குக் கட்டிவிட்டேன். குடிநீர் வாரியம் தனியாக ஒரு வரி கேட்கிறது. இரண்டும் ஒன்றுதானே? பாதாளச் சாக்கடை இணைப்புக்கு வார்டு கவுன்சிலரைப் பார்த்தால் போதுமா?"

இரண்டும் ஒன்றல்ல. சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. அது மாநில அரசின் அமைப்பு என்பதால், மேயரும் மாமன்றமும் அதற்கு நேரடியாக ஆணையிட முடியாது. 1992இல் நிறைவேறிய 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் குடிநீர் வழங்கல் உட்பட 18 பணிகளை நகராட்சி அமைப்புகளுக்கு உரியவையாகப் பட்டியலிட்டது; ஆனால் அவற்றை மாநிலங்கள் ஒப்படைக்கலாம் என்றதே தவிர, ஒப்படைத்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. நம் பெருநகரங்களில் பெயருக்குப் பெரிய மாமன்றமும் அதிகாரம் பல கைகளிலுமாக இருப்பதற்கு இந்த 'லாம்' ஒரு முக்கியக் காரணம் என்பேன்.

உங்கள் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2011இல் பெருங்குடிப் பேரூராட்சி உட்பட 42 உள்ளாட்சிகள் சேர்ந்ததில் 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆனது. எல்லைக்கோட்டை ஓர் அரசாணையில் மாற்றிவிடலாம். குழாயை அப்படிப் பதிக்க முடியாது. நிதி கிடைக்கக் கிடைக்கத் தெருத் தெருவாகத்தான் பதிக்க வேண்டும்.

இரண்டு ரசீதுகளையும் இணைப்பது ஒரே ஓர் எண்: மாநகராட்சி நிர்ணயிக்கும் ஆண்டு மதிப்பு. கட்டடப் பரப்பு, தெருவுக்கான அடிப்படை வாடகை விகிதம், சொந்தக் குடியிருப்பா வாடகையா என்பவற்றை வைத்து அது கணக்கிடப்படுகிறது. அந்த மதிப்பில் 7 சதவீதத்தைத்தான் குடிநீர் மற்றும் கழிவுநீர் வரியாக வாரியம் கேட்கிறது. ஆகவே பரப்பளவு கூடுதலாகப் பதிவாகியிருந்தால் இரண்டு இடத்திலும் அதிகம் கட்டுவீர்கள். திருத்தத்தை மாநகராட்சி மண்டல அலுவலகத்தின் வருவாய்ப் பிரிவில்தான் தொடங்க வேண்டும்.

2022ஆம் ஆண்டுச் சீராய்வில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்குப் பழைய நகரில் 50 சதவீதமும், இணைந்த பகுதிகளில் 25 சதவீதமும் வரி உயர்ந்தது. சொத்து வரியைச் சீரமைத்தால்தான் உள்ளாட்சி மானியம் என்று 15ஆவது நிதிக்குழு விதித்த நிபந்தனையும் அதன் பின்னணியில் இருந்தது. எனவே பழைய உரிமையாளர் தந்த ரசீது 2022க்கு முந்தையதாக இருந்தால் அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

கிரையப் பத்திர நகலுடன் முதலில் சொத்து வரியிலும், அடுத்து வாரியத்திலும் பெயர் மாற்றம் செய்துகொள்ளுங்கள். உங்கள் தெருவில் கழிவுநீர்க் குழாய் ஏற்கெனவே இருந்தால் இணைப்புக்கு வாரியத்தின் பகுதி அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். கவுன்சிலர் பரிந்துரைக்கலாமே தவிர, இணைப்பு வழங்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. குழாயே வரவில்லை என்றால் நிலைமை வேறு. அப்போது தெருக்காரர்கள் சேர்ந்து மனு எழுதி, ஒரு படியை வாரியப் பொறியாளரிடமும் ஒரு படியைக் கவுன்சிலரிடமும் கொடுத்து, இரண்டுக்கும் தேதியிட்ட ஒப்புகை வாங்கி வையுங்கள்.